எடையில்லாத இராட்சதர்கள்

விமானம் ஒன்று வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாளில் தனக்குக் கல்யாணம் என்று அதில் ஒரு பயணி சொல்லி வாய் மூடவில்லை. கீழே கடலிலிருந்து ஒரு சுறா எம்பிக் குதித்து அந்த விமானத்தைக் கவ்விவிடுகிறது. இன்னொரு படத்தில் சூறாவளியானது சுறாக்களைக் கூட்டங்கூட்டமாக அள்ளி வந்து நகரத்தின்மேல் கொட்டுகிறது. மற்றொன்றில், பாதி சுறாவும் பாதி ஆக்டோபஸுமாக (நம் மீனவர் மொழியில் சொன்னால் பாதி பேய்க்கணவாயாக) உருவாக்கப்பட்ட ஒரு பிராணி உல்லாசக் கடற்கரையில் ஏறி வந்து ஆட்களைப் பிடித்துத் தின்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் தொலைக்காட்சிக்கென்றே சிக்கனமாக எடுக்கப்படும் இராட்சத விலங்குப் படங்களின் போக்கு இதுதான். இவ்வகைப் படங்கள் தமிழ்க் குரல் பொருத்தப்பட்டு நம் வீட்டுக் கூடத்துக்கும், இப்போது மாணவர்களின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

இவற்றைப் பற்றி இரண்டு விதமான அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. விஞ்ஞானம் படித்தவர்கள், “இதெல்லாம் நடக்கவே நடக்காது, எனவே பார்க்கத் தகுதியற்றது” என்கிறார்கள். படத்தை விரும்புகிறவர்களோ, “பொழுதுபோக்குக்கு எதற்குக் கணக்கு? மூளையை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பாருங்கள்” என்கிறார்கள். இரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானம் ஒரு பக்கம், பொழுதுபோக்கு மறுபக்கம், இரண்டுக்கும் உறவில்லை என்பதே இருவரின் கட்சியும். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இத்தகைய படங்களை விரும்பிப் பார்ப்பவனும்கூட. இந்தக் கட்சி எனக்குச் சம்மதமில்லை. இப்படங்களில் எது நம்மை நாற்காலியில் பிடித்து வைக்கிறது, எது கொட்டாவி விடச் செய்கிறது என்று ஆராய்ந்தால், இயற்பியலே நடுவில் வந்து நிற்கிறது. ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் இடத்தில் இல்லை.

கலிலியோ அளித்த தண்டனை

வழக்கமாகச் சொல்லப்படுவது என்ன? பெரிய விலங்குகளை நோக்கி முதல் கல்லை எறிந்தவர் கலிலியோ. 1638-இல் வெளிவந்த தமது நூலில், ஓர் உயிரினத்தை அதே வடிவத்தில் பல மடங்கு பெரிதாக்க முடியாது என்று அவர் விளக்கினார். காரணம் எளியது. ஒரு மனிதனை எல்லாத் திசையிலும் 10 மடங்கு பெருக்கினால் அவன் உயரம் 10 மடங்காகும். எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்காகும். எடையோ 1000 மடங்காகும். 70 கிலோ மனிதன் 70 டன் ஆவான். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 10 மடங்கு சுமை தாங்க வேண்டும். முதல் அடி எடுத்து வைக்கும்போதே கால் முறிந்துவிடும். பிற்காலத்தில் உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே கருத்தைச் சுவைபட விரித்துரைத்தார். (இவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து தங்கி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர்.)

இந்த விதியை ஏந்திக்கொண்டு திரைப்பட விமர்சனத்துக்குப் புறப்படுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது எல்லாரையும் ஒரே கயிற்றில் தூக்கிலிட்டுவிடும். மோசமான தொலைக்காட்சிப் படத்தின் இராட்சதச் சிலந்தியும் செத்தது. 1933-இல் வெளிவந்து இன்றும் பார்க்கப்படும் ‘கிங் காங்’ குரங்கும் செத்தது. நல்லதையும் மட்டமானதையும் பிரித்துக் காட்டாத அளவுகோலால் விமர்சகனுக்கு என்ன பயன்?

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 1977-இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ‘லேக்வுட் மேனரில் நிகழ்ந்தது’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் எறும்புப் படம் வந்தது. அதில் வரும் எறும்புகள் சாதாரண எறும்புகளே. விஷம் மட்டும் ஏறியவை. கலிலியோ வந்து பார்த்தாலும் குற்றம் காண முடியாது. ஆயினும் அப்படத்தின் முதல் ஒரு மணி நேரத்தை விழித்திருந்து பார்ப்பது பெரும்பாடு. ஆகவே, விதியை மீறாததால் ஒரு படம் சுவையாகிவிடுவதில்லை. மீறியதால் சுவை கெட்டுவிடுவதுமில்லை. இராட்சதம் இருக்கிறது என்னும் முதல் பொய்யைப் பார்வையாளர் மனமுவந்து தருகிறார். அது கதைக்குக் கொடுத்த முன்பணம். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு படம் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விளம்பரங்களுக்கு நடுவே

ஏ.பி.சி. நிறுவனம் 1969-இல் வாரம் ஒரு புதுப் படம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விளம்பரங்களோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். விளம்பரம் போகப் படத்துக்குக் கிடைப்பது சுமார் 74 நிமிடம். மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. பணம் குறைவு, நாட்கள் குறைவு, இராட்சதத்துக்கான உடையோ பொம்மையோ பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதையும் வெளிச்சத்தில் அதிக நேரம் காட்டினால் சாயம் வெளுத்துவிடும்.

இந்த வறுமையிலிருந்து ஒரு நல்ல பழக்கம் பிறந்தது. விலங்கைக் காட்டுவதற்குப் பதிலாக, அது விட்டுச்சென்ற விளைவைக் காட்டினார்கள். 1972 நவம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த ‘கார்காய்ல்ஸ்’ என்ற படம் இதற்கு நல்ல சான்று. ஐரோப்பியக் கோயில் கூரைகளில் காணப்படும் சிறகு முளைத்த பூதச் சிலைகள் உண்மையில் வாழ்ந்த ஓர் இனம் என்பது அதன் முதல் பொய். ஒரு பேராசிரியரும் அவர் மகளும் பாலைவனத்தில் சாலையோரக் காட்சிக்கூடம் வைத்திருக்கும் கிழவரைத் தேடிப் போகிறார்கள். விசித்திரமான எலும்புக்கூடு ஒன்றை அவர் காட்டுகிறார். இரவாகிறது. தகரக் கொட்டகையின்மேல் ஏதோ வந்து இறங்குகிறது. நாம் உள்ளேதான் இருக்கிறோம். மேலே இருப்பது தெரியவில்லை. சுரண்டும் ஓசை, அதிரும் சுவர், பிறகு சரியும் கூரை. பூதம் இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் அது கனமானது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. கூரை சொல்லிவிட்டது!

பிறகு பூதங்கள் வெளியே வருகின்றன. ரப்பர் உடை அணிந்த மனிதர்கள் என்பது யாருக்கும் தெரியும். அந்த ஒப்பனைக்கு எம்மி விருது கிடைத்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ஸ்டான் வின்ஸ்டன் பிற்காலத்தில் ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கு முழு உருவ டைனசார்களைச் செய்து கொடுத்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பனையன்று. பூதங்கள் நடமாடும் காட்சிகளை இயக்குநர் பெரும்பாலும் மெதுவான இயக்கத்தில் காட்டுகிறார். வெறும் அலங்காரமாக அதைச் சிலர் கேலி செய்வதுண்டு. அது அலங்காரம் மட்டுமன்று. அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

1977-இல் என்.பி.சி. ஒளிபரப்பிய ‘ஸ்நோபீஸ்ட்’ இன்னும் ஏழைப் படம். கொலராடோ மலையில் பனிச்சறுக்கு விடுதியைச் சுற்றித் திரியும் பனிமனிதனை ஏறக்குறைய கடைசிவரை காட்டவே மாட்டார்கள். அது பார்ப்பதை நாம் பார்க்கிறோம்; அவ்வளவே. நடுவில் பனிச்சறுக்குக் காட்சிகள் நீண்டுகொண்டே போவது பொறுமையைச் சோதிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒளித்து வைப்பது மட்டும் கலையாகிவிடாது. ஒளித்து வைத்திருப்பது ஏதோ ஒன்றை அமுக்கிக்கொண்டும் உடைத்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

முப்பது சென்டிமீட்டர் அரக்கன்

இந்த வகையில் என் முதல் பரிசு 1975 மார்ச்சில் ஏ.பி.சி.யில் வந்த ‘டிரிலஜி ஆஃப் டெரர்’ படத்தின் மூன்றாம் கதைக்கு. முதல் இரண்டு கதைகளை விட்டுவிடலாம். ஒரு நஷ்டமும் இல்லை. மூன்றாவது, ரிச்சர்ட் மேத்தசன் எழுதிய சிறுகதையை ஒட்டியது. ஒரே வீடு, ஒரே நடிகை (கேரன் பிளாக்), சுமார் முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மரப்பொம்மை. பொம்மையின்மேல் இருக்கும் தங்கச் சங்கிலி கழன்று விழுந்தால் அதற்கு உயிர் வந்துவிடும் என்பது முதல் பொய். சங்கிலி கழன்று விழுகிறது.

இதற்குப் பிறகு நடப்பதில் எனக்குப் பெரும் வியப்பு உண்டு. பொம்மையைச் செய்தவர்களிடம் பணமில்லை. அது உண்மையில் ஓடவும் முடியாது. எனவே காமிராவைத் தரையோடு தரையாக வைத்து விரட்டுகிறார்கள். நாற்காலிக் கால்களுக்கிடையே பாய்ச்சல். மரத்தரையில் சிறு கால்களின் படபடப்பு. மூடிய கதவின் அடியில் கத்தி நுழைந்து துழாவுகிறது. அவள் அதைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், உள்ளிருந்து கத்தி மூடியைக் கிழித்துக்கொண்டு வருகிறது. எல்லாமே மின்னல் வேகம்.

இந்த வேகம் தற்செயலாகவேனும் சரியான இயற்பியல். நடக்கும்போது கால் ஓர் ஊசலைப்போல ஆடுகிறது. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளிப் பாடம். மனிதக் கால் 80 சென்டிமீட்டர், பொம்மையின் கால் 10 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். நீளம் 8-இல் ஒரு பங்கு. 8-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.8. நாம் வினாடிக்கு இரண்டு அடி வைத்தால், அது ஐந்து அடிக்கு மேல் வைக்கும். அந்தப் படபடப்பைக் கேட்டவுடன் நம் காது, “சின்னது, வேகமானது, என் காலடியில் இருக்கிறது” என்று கணக்குப் போட்டுவிடுகிறது. கீழே விழுந்தாலும் எறியப்பட்டாலும் அதற்கு அடிபடாததும் பொருத்தமே. சுண்டெலி ஆழமான சுரங்கத்தில் விழுந்தாலும் பிழைத்து ஓடிவிடும், குதிரை சிதறிப்போகும் என்று ஹால்டேன் காட்டியது இந்த விதியைத்தான். சிறியதாக இருப்பதால் வரும் எல்லாச் சாதகங்களையும் அந்தப் பொம்மைக்குக் கொடுத்தார்கள். ஆகவே அது பயமுறுத்துகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

எடையைக் கண் எப்படி அறிகிறது?

திரையில் தெரிவது வெறும் ஒளி. அதில் எடை ஏது? ஆயினும் ஒரு பொருள் கனமா, லேசா, பெரிதா, சிறிதா என்பதை நாம் நொடியில் சொல்லிவிடுகிறோம். அதை நமக்குச் சொல்வது பெரும்பாலும் நேரம்.

தென்னை மரத்து உச்சியிலிருந்து காய் விழுவதைப் பார்த்திருக்கிறோம். மேசையிலிருந்து பேனா விழுவதையும் பார்த்திருக்கிறோம். முன்னது அதிக நேரம் எடுக்கும். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 50 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் தரைக்கு வர 3.2 வினாடி ஆகும். அதே கோபுரத்தை 2 மீட்டர் உயர மாதிரியாகச் செய்து இடித்தால், உச்சியிலிருக்கும் துண்டு 0.64 வினாடியில் கீழே வந்துவிடும். அப்படியே படம்பிடித்துக் காட்டினால், காமிரா எவ்வளவு தந்திரமாக வைக்கப்பட்டிருந்தாலும், “இது பொம்மை” என்று கண் சொல்லிவிடும். சமன்பாடு தெரியாத பாட்டிக்கும், பள்ளிக்குப் போகாத குழந்தைக்கும் கூட இது தெரியும். பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவு அது.

இதற்குப் பரிகாரம், வேகமாகப் படம்பிடித்து மெதுவாகக் காட்டுவது. மாதிரி 25-இல் ஒரு பங்கு என்றால் 25-இன் வர்க்கமூலமாகிய 5 மடங்கு வேகம் தேவை; அதாவது வினாடிக்கு 24 படங்களுக்குப் பதிலாக 120 படங்கள். 1954-இல் ஜப்பானில் ‘காட்ஜில்லா’ எடுத்தபோது தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற எய்ஜி ட்சுபுராயா, கிங் காங்கைப்போலப் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கவே விரும்பினார். அதற்கு அவகாசம் இல்லை. எனவே ஒரு மனிதனுக்குக் கனத்த ரப்பர் உடையை மாட்டி, மாதிரி நகரத்துக்குள் நடக்கவிட்டு, காமிராவை வேகமாக ஓட்டினார். 50 மீட்டர் இராட்சதம் 50 மீட்டர் இராட்சதமாகவே நடந்தது. உடையின் கனத்தால் உள்ளே இருந்தவர் பட்ட பாடும் அந்த நடையில் சேர்ந்துகொண்டது.

‘கார்காய்ல்ஸ்’ பூதங்கள் மெதுவாக நடமாடியதன் பயன் இப்போது விளங்கும். ஆள் உயரமே உள்ள நடிகர்கள் அதனால் ஒரு சுற்றுப் பெரியவர்களாயினர். செலவு? காமிராவின் வேகத்தை மாற்றுவதால் கூடுதலாக ஓடும் பிலிம் மட்டுமே.

கணிப்பொறி வந்த பிறகு

2000-க்குப் பிறகு காட்சி மாறிவிட்டது. கணிப்பொறியில் இராட்சதத்தை வரைவது மலிவாயிற்று. அமெரிக்காவில் சைஃபை என்ற தொலைக்காட்சி இத்தகைய படங்களைத் தொடர்ந்து ஒளிபரப்பியது. அசைலம் என்ற நிறுவனம் அவற்றை விரைவாக எடுத்துத் தள்ளியது. பழைய தயாரிப்பாளரான ரோஜர் கோர்மனும் (2024-இல் தமது 98-ஆம் வயதில் மறைந்தவர்) 2010-இல் ‘ஷார்க்டோபஸ்’ என்ற சுறா-ஆக்டோபஸ் படத்தை இந்தத் தொலைக்காட்சிக்குத் தயாரித்தார்.

இப்போது விலங்கை ஒளிக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில், படம் முழுவதும் காட்டலாம். காட்டினார்கள். சுவையும் அங்கேதான் கசிந்துபோயிற்று. கணிப்பொறியில் வரைந்த உருவத்துக்கு நிறை கிடையாது. ரப்பர் உடைக்குள் இருக்கும் மனிதனை ஈர்ப்பு விசை சும்மா விடாது. அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவன் பாதம் மணலை அமுக்கும். கணிப்பொறி விலங்குக்கு மணல் அமுங்க வேண்டுமென்றால் யாரேனும் உட்கார்ந்து அதை அமுக்க வேண்டும். அவசரத்தில் எடுக்கும் படத்தில் அதற்கு யாருக்கு நேரம்? ஷார்க்டோபஸ் கரையேறும் காட்சிகளில் அதன் உடல் மண்ணைத் தொடுவதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. படத்தின்மேல் ஒட்டிய படம்போலச் சறுக்கிக்கொண்டு போகிறது. இதில் ஒரு பரிதாபம் உண்டு. நீருக்குள் இருக்கும்வரை மிதப்பு விசை உடலைத் தாங்குவதால், பெரிய உருவத்துக்கு விஞ்ஞானமே கொஞ்சம் சலுகை தருகிறது. 30 மீட்டர் நீலத் திமிங்கலம் அதனால்தான் வாழ முடிகிறது. கிடைத்த சலுகையை உதறிவிட்டு இவர்கள் எலும்பில்லாத பிராணியைக் கரையில் நடக்கவிடுகிறார்கள்!

தொடக்கத்தில் சொன்ன விமானச் சுறா, 2009-இல் அசைலம் வெளியிட்ட ‘மெகா ஷார்க் வெர்சஸ் ஜயண்ட் ஆக்டோபஸ்’ படத்தில் வருகிறது. (இது முதலில் டி.வி.டி. வட்டாக வெளிவந்து பின்னர் தொலைக்காட்சிக்குப் போனது, குலம் ஒன்றுதான்.) இந்தத் தாவலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விமானம் தரையிறங்கத் தாழ்ந்து, வெறும் 1 கி.மீ. உயரத்தில் பறந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். காற்றின் தடையையும் மன்னித்துவிடுவோம். அந்த உயரம்வரை எழும்ப, சுறா கடலை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகம் வினாடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 504 கி.மீ. இருக்க வேண்டும். நடக்காது என்பது தெரிந்ததே. அதைச் சொல்வதற்காக நான் கணக்குப் போடவில்லை. மேலே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்: 14 வினாடிக்குச் சற்று அதிகம்.

பதினான்கு வினாடிகள்! கல்யாண மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறார். கடலில் ஒரு வெண்புள்ளி. அதிலிருந்து ஏதோ கிளம்புகிறது. முதலில் வேகமாக, பிறகு வேகம் குறைந்து குறைந்து, ஆனாலும் நிற்காமல், நேராக மேலே வருகிறது. விமானத்துக்கு விலகத் தெரியாது. இவர் வாய் திறந்து கத்துவதற்கும், பக்கத்து இருக்கைக்காரர் நம்ப மறுப்பதற்கும், மீண்டும் எட்டிப் பார்ப்பதற்கும் நேரம் இருக்கிறது. இயக்குநர் கையில் ஈர்ப்பு விதி தந்த இந்தப் பதினான்கு வினாடியும் இருந்தது. அவர் அதை வீசியெறிந்துவிட்டு, கண் சிமிட்டும் நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார். சுறா பட்டம்போல லேசாக எழும்புகிறது, ஒரு முறை சிரிக்கிறோம், தீர்ந்தது. அந்தத் துண்டுக் காட்சி உலகமெங்கும் பரவியது உண்மைதான். முழுப் படத்தையும் பார்த்தவர்கள் அதே மகிழ்ச்சியோடு பேசுவதை நான் கேட்டதில்லை.

பணமில்லை என்பது இதற்குச் சமாதானமாகாது. பெரும்பொருள் செலவழித்து எடுத்த ‘ஜுராசிக் பார்க்’ (1993) படத்தில் டைனசாரின் கனத்தை நமக்கு முதலில் உணர்த்துவது எது? காரில் வைத்த குவளைத் தண்ணீரில் எழும் வட்ட அலை. அதை உண்டாக்கியது காரின் அடியில் கட்டிச் சுண்டிய ஒரு கிதார்த் தந்தி. எந்த ஏழைத் தயாரிப்பாளரும் வாங்கக்கூடிய பொருள்!

சுறா மழை

2013 ஜூலை 11 அன்று சைஃபையில் முதன்முறை ஒளிபரப்பான ‘ஷார்க்னேடோ’ தனியாகப் பேசத்தக்கது. அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். அந்தத் தொலைக்காட்சிக்கே அது பெரிய கூட்டமன்று. ஆனால் பார்த்தவர்கள் இணையத்தில் எழுப்பிய ஆரவாரத்தால் அது மறு ஒளிபரப்பிலும் பேசப்பட்டு, 2018 வரை மொத்தம் ஆறு படங்களாக வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புயல் தாக்குகிறது. கடலில் கிளம்பிய சுழற்காற்று சுறாக்களைத் தூக்கிவருகிறது.

தூக்குமா? 4 மீட்டர் நீளம், 700 கிலோ எடையுள்ள சுறா பக்கவாட்டில் கிடக்கிறது. காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர் என்று கொண்டால், அதை அந்தரத்தில் நிறுத்த மேல்நோக்கி வீசும் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 220 கி.மீ. வேண்டும். மிகக் கடுமையான சுழற்காற்றுகளில் கிடைவேகம் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் போவதுண்டு. 1999 மே 3 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ராடார் கொண்டு அளந்தது சுமார் 480 கி.மீ. மேல்நோக்கிய வேகம் இவ்வளவு இராது. கடல்மேல் உண்டாகும் நீர்த்தாரைச் சுழல்களும் பெரும்பாலும் பலவீனமானவை. இருந்தாலும், ஒரு சுறாவைக் கொஞ்ச நேரம் தூக்குவது எண் அளவில் அடியோடு அபத்தமன்று என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் இதைப் போட்டுக் காட்டியபோது மாணவர்களுக்கு என்மேல் கொஞ்சம் ஏமாற்றம். நான் படத்தைக் கிழித்தெறிவேன் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

ஆக, பெரிய பொய்யில் படம் தேறிவிட்டது. தோற்றதெல்லாம் சின்ன விஷயங்களில். வீட்டுக் கூடத்துக்குள் ஆளை விழுங்கும் சுறா நீந்துமளவு தண்ணீர். வாசலுக்கு வெளியே வந்தால் அந்த வெள்ளத்தைக் காணோம். ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசிச் சுழற்காற்றைக் கலைக்கிறார்கள். அதற்குச் சக்தி தரும் மேகத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எடையற்ற காற்று, எடையற்ற நீர், எடையற்ற மீன்.

அப்படியிருந்தும் முதல் படத்தைப் பார்க்க முடிகிறது. காரணம், நடிகர்கள் எவரும் சிரிக்கவில்லை. கதாநாயகன் உண்மையாகவே தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான். கடைசியில், மேலிருந்து விழும் சுறாவின் வாய்க்குள் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு அவனே பாய்ந்து, வயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறான். சற்றுமுன் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து விழுங்கப்பட்ட பெண்ணும் அதே வயிற்றிலிருந்து உயிரோடு கிடைக்கிறாள். படம் முழுவதும் நான் தேடிய ஒழுங்கு இங்கே தலைகாட்டியது. விழுங்கியது எங்கும் போகாது. விழுங்கிய இடத்தில்தான் இருக்கும். பொருள் அழியாமை விதி என்றே இதைச் சொல்லிவிடலாம்! பின்னால் வந்த ஐந்து படங்களில் இந்த ஒழுங்கும் இல்லை. விண்வெளிக்குப் போகிறார்கள், காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள், பிரபலங்கள் வந்து முகம் காட்டிவிட்டுக் கடிபடுகிறார்கள். “இது அபத்தம் என்று எங்களுக்கும் தெரியும்” என்று படமே நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது. நாம் சிரிப்பதற்கு முன்பே படம் சிரித்துவிட்டால் நமக்கு மீதி என்ன?

எந்தப் பொய் ஆபத்தானது?

பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இப்படங்கள் பிள்ளைகளின் விஞ்ஞான அறிவைக் கெடுத்துவிடாவா?

அதே 2013-இல், ‘ஷார்க்னேடோ’ வந்த மறு மாதம், டிஸ்கவரி தொலைக்காட்சி மெகலடான் என்னும் இராட்சதச் சுறாவைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அந்தச் சுறா சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன இனம். நிகழ்ச்சியோ அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஆவணப்படத் தோரணையில் சொன்னது. விஞ்ஞானிகளாகத் தோன்றியவர்கள் நடிகர்கள். பின்னர் சில நொடிகள் ஓடி மறைந்த எழுத்தில் மழுப்பலான ஒரு விளக்கம். பார்த்தவர்கள் 48 இலட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டு அனிமல் பிளானட் தொலைக்காட்சி இதே பாணியில் கடற்கன்னிகளைப் பற்றி ஒரு போலி ஆவணப்படம் காட்டியது. அதன்பின் அமெரிக்க அரசின் கடலாய்வு நிறுவனமே, கடலில் மனித உருவப் பிராணிகள் இருப்பதற்கு எந்தச் சான்றும் கிடைத்ததில்லை என்று அறிவிக்க நேர்ந்தது.

மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சூறாவளியில் சுறா வருமா என்று எவரும் என்னிடம் பயந்து கேட்டதில்லை. மெகலடான் இருக்கிறதாமே சார் என்று கேட்டவர்கள் உண்டு. மலிவான இராட்சதப் படம் தன்னைப் பொய் என்று வாசலிலேயே எழுதி மாட்டிவிட்டுத்தான் நம்மை உள்ளே அழைக்கிறது. இது அப்படியில்லை; அளவு நாடாவையும் வெள்ளைக் கோட்டையும் இரவல் வாங்கிக்கொண்டு வருகிறது. ஆசிரியர்கள் தங்கள் கோபத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் அது. தொலைக்காட்சிப் பூதங்களை நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பேன். கையில் நேரம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் போதும்.

கைப்பேசியிலேயே அது இருக்கிறது. அடுத்த முறை ஓர் இராட்சதம் கட்டடத்தை இடிக்கும்போது, உச்சியிலிருந்து ஒரு துண்டு தரையைத் தொட எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 4.9-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது அந்தக் கட்டடத்தின் உயரம், மீட்டரில். கதையில் சொல்லும் உயரமன்று, உங்கள் கண் நம்பும் உயரம். ‘காட்ஜில்லா’ போன்ற பழைய படம் ஒன்றுக்கும், கணிப்பொறியில் வரைந்த புதிய படம் ஒன்றுக்கும் இதைச் செய்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வானளாவிய கோபுரம் ஒரே வினாடியில் தரைக்கு வந்திருந்தால், அதன் உயரம் 4.9 மீட்டர், நம் தெருவில் இருக்கும் மாடி வீடு அதைவிடப் பெரியது.